கூலிங் வீட்டுக்கு வந்த சொல்

அந்தத் தெருவில் அவளுடைய கணவனின் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. "கூலிங் வீடு எது?" என்று கேட்டால் பால் பாக்கெட் போடுகிறவரிலிருந்து பக்கத்து வீட்டு வாண்டு வரை கை நீட்டிக் காட்டுவார்கள். ஃப்ரிட்ஜ், ஏசி, கடைகளில் குளிர்பானம் அடுக்குகிற கண்ணாடிப் பெட்டி என்று எது மக்கர் பண்ணினாலும் ஆள் அவன்தான். வீட்டின் முன்னறையில் எப்போதும் யாரோ ஒருவருடைய ஃப்ரிட்ஜ் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். வருகிறவர்கள் டீ டம்ளரை அதன் தலையில்தான் வைப்பார்கள்.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அது பல் ஆஸ்பத்திரியில் வந்தது. நோயாளி வாயைத் திறந்ததும் எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சுகிற குழாயை வைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்கு இடதுபக்கம் நிற்பது அவள் வேலை. ஒரு சின்னப் பெண் "உறிஞ்சி அக்கா" என்று கூப்பிட்டுத் தொலைக்க, அது பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. இந்த வேலைக்கு அவள் மனுப் போட்டு வந்தவளில்லை. துணிக்கடையில் மடிப்பு மேசையில் இருந்தபோது பல்வலி என்று வந்தாள். காத்திருந்த நேரத்தில், வீறிட்டு அழுத பக்கத்துக் குழந்தையின் தாடையைப் பிடித்து ஏதோ பேசி வாயைத் திறக்க வைத்தாள். டாக்டரம்மா அவள் பல்லைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வேலைக்கு வர்றியா?" என்று கேட்டார். அதோடு சரி. பன்னிரண்டு வருஷமாக "இறுக்காதீங்க, மூக்கால மூச்சு விடுங்க, தோளைத் தளர விடுங்க" என்று ஊராருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கூலிங் அங்கேதான் அவளைப் பார்த்தான். ஆஸ்பத்திரி ஏசி ஒருமுறை நின்றது உண்மை. அதைச் சரி பண்ணின பிறகும் "கேஸ் செக் பண்ணணும்" என்று அவன் நாலைந்து தடவை வந்து நின்றதுதான் சந்தேகத்துக்கு இடமானது. ஏணி மேல் நின்றுகொண்டு ஏசியைப் பார்க்காமல் கீழே பார்க்கிறவனைப் பற்றி டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அப்போது முப்பது வயசு. அவளுடைய அண்ணன் பார்த்துவைத்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள், இவனை வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினாள், கிடைக்கவில்லை. அவன் சிரித்தால் அவளுக்குக் கை வேலை ஓடாது.

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிமேல் வருகிறவர்கள் ஆளாளுக்கு இல்லை என்றுதான் சொல்லப்போகிறார்கள். கல்யாணமான புதிதில் அவன் வேலை முடிந்து வரும் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருப்பாள். அவன் கை பட்டால் பிடிக்கும், முத்தம் பிடிக்கும், அவன் காதோரம் சொல்கிற அசட்டுப் பேச்சு அதைவிடப் பிடிக்கும். ஒரு கட்டம் வரை எல்லாம் நன்றாகவே போகும். அந்தக் கட்டம் வந்ததும் அவள் உடம்பு அவளைக் கேட்காமலே கதவைச் சாத்திக்கொள்ளும். தொடை விறைக்கும், இடுப்பு மேலே எழும்பும், தீயால் இழுத்த மாதிரி ஒரு எரிச்சல் உள்ளே ஓடும். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வழி இருக்காது.

"வலிக்குது" என்று சொல்வாள். அவன் முரடன் இல்லை, உடனே விலகிவிடுவான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போகும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இஷ்டம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடேன்" என்பான். இஷ்டம்தான், வலிதான் பிரச்சினை என்று அவள் எத்தனை விதமாகச் சொன்னாலும் அது அவன் முதுகில் பட்டு விழுந்துவிடும். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. பிறகு இருவரும் முயற்சி பண்ணுவதையே விட்டுவிட்டு, ஆளுக்கொரு ஓரமாக, ரயிலில் அறிமுகமில்லாதவர்கள் மாதிரி படுக்கப் பழகினார்கள்.

அந்த நாட்களில்தான் அவளுக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறப்பாள். துவைத்த துணியையே திரும்ப முக்குவாள். இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி விறுவிறுவென்று நடப்பாள், வீடு நெருங்கியதும் நடை தானாகச் சுருங்கும். ஆஸ்பத்திரியில் மட்டும்தான் கை நடுங்காது. அங்கே நடுங்கினால் யாரோ ஒருவருடைய நாக்கு குழாயில் மாட்டும்.

மாமியார் பேரக் குழந்தையை எதிர்பார்த்தார். கேள்வி கேட்டால் மகன் மழுப்பினான். மாமியார் தன் மகளிடம் சொல்ல, மகள் தம்பியை உலுக்கினார். இந்த நாத்தனார் ஒரு ஜவுளிக் கிடங்கில் மேற்பார்வையாளர், எதையும் பிரித்துப் பார்த்துத் தரம் சொல்கிறவர். "டாக்டரைப் போய்ப் பாருடா, எவ்வளவு நாள் பூசி மெழுகுவே?" என்று கேட்டார். கூலிங் போனான். மனைவியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு குளிர்ப்பெட்டி வேலையாகப் போகிற வழியில், பெரிய பலகை மாட்டியிருந்த ஒரு வயதான டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டான். வந்தவன் கை கழுவும்போதே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கேட்டுட்டு வந்துட்டேன். உனக்கு ஃப்ரிஜிட்டாம்."

அவள் காதில் அது "ஃப்ரிட்ஜாம்" என்று விழுந்தது. முன்னறையில் நின்ற ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டு, என்ன ஃப்ரிட்ஜ், யாருக்கு என்று கேட்டாள். அவனும் சொல்லைச் சரியாகப் பிடித்து வந்திருக்கவில்லை. திரும்பச் சொன்னபோது அது "ஃப்ரிட்ஜிட்" என்று வந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரித்தும்விட்டாள். அவன் சிரிக்கவில்லை. ஆசையே எழும்பாமல் உள்ளுக்குள் குளிர்ந்து கிடக்கிற பெண்களுக்கு அதுதான் பெயராம், இங்கிலீஷில் குளிர்ச்சி என்று அர்த்தமாம், டாக்டர் சொன்னாராம். சிரிப்பு அவள் வாயிலேயே நின்றுபோனது.

சொல் வீட்டுக்கு வந்த வேகத்தில் வீதிக்கும் போயிருக்கும், நல்லவேளை மாமியாருக்கு அது வாயில் நுழையவில்லை. அவர் அதை "ஃப்ரிட்ஜ் வியாதி" ஆக்கிக்கொண்டார். குளிர்ச்சி உடம்பு என்றால் சூடு ஏற்றினால் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது, பாவம், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து மருமகளுக்குக் குடிக்கக் கொதிக்கிற தண்ணீர், குளிக்கக் கொதிக்கிற தண்ணீர். மின்விசிறிக்குத் தடை. புழுங்கித் தள்ளுகிற வெயில் காலத்தில் ஒரு கம்பளியை வேறு கொண்டுவந்து கட்டிலில் போட்டார். அவள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றால், "இறங்குது, இறங்குது, குளிர்ச்சி இறங்குது" என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

நாத்தனார் அப்படி வெகுளி இல்லை. ஒருநாள் அவர் தாயாரோடு ஃபோனில் பேசியது ஒலிபெருக்கியில் சமையலறை வரை கேட்டது. "ஊர்ல இருக்கிற ஃப்ரிட்ஜையெல்லாம் நம்ம பையன் ரிப்பேர் பண்றான், அவன் வீட்டுக்குன்னு வந்த ஃப்ரிட்ஜ் இப்படி ஆகிப்போச்சு. கம்பெனியிலேயே பழுதுன்னா திருப்பிக் கொடுத்துடறதுதானேம்மா?" மாமியார் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவள் கழுவிய தட்டையே கழுவிக்கொண்டு நின்றாள். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது.

அந்தச் சொல்லை அவள் விடவில்லை, அல்லது அது அவளை விடவில்லை. பஸ்ஸில் போகும்போது ஃபோனை வாயருகே வைத்து, யாருக்கும் கேட்காமல் "ஃப்ரிஜிட்" என்று சொல்லித் தேடினாள். ஃபோன் அவள் குரலைக் கேட்டு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்களை வரிசையாகக் காட்டியது. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கினால் தள்ளுபடி. எழுத்துக் கூட்டித் தேடியபோது வந்ததைப் பாதிக்கு மேல் படிக்க முடியாமல் மூடிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாசத்துக்கு அவள் ஃபோனைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒரு ஃப்ரிட்ஜை விற்க வந்து நின்றார்கள்.

மோசம் என்னவென்றால், அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் சொன்னால் தப்பாகவா இருக்கும்? தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தாள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒரு கம்ப்ரஸரைக் கழற்றும்போது சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். நெஞ்சு படபடக்கும், காது சூடாகும். இது ஆசை இல்லாமல் வேறு என்ன? உடனே அடுத்த யோசனை வரும்: ஒருவேளை இது பயமோ? கோபமோ? எல்லாருக்கும் இதைவிட அதிகமாக வருமோ? யாரிடம் கேட்பது? தராசையே ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டால் எடை பார்ப்பது எப்படி?

அப்படி இருந்த ஒரு நாளில்தான் அந்த லாரிக்காரர் வந்தார். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், ஆனால் வாய் மட்டும் ஒரு விரல் நுழைகிற அளவுகூடத் திறக்கவில்லை. கடைவாயில் ஞானப்பல் சீழ் பிடித்துத் தாடைத் தசை இறுகிவிட்டது. ரெண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. டாக்டரம்மா கண்ணாடியை அருகே கொண்டுபோனால் தாடை இன்னும் இறுகியது. அவ்வளவு பெரிய மனுஷர் பல்லிடுக்கு வழியாக "பசிக்குதும்மா" என்று சொல்லி அழுதுவிட்டார். அவர் மனைவி பக்கத்தில் நின்று, "திறங்க, கொஞ்சம் மனசு வெச்சுத் திறங்க" என்று அதட்டினார்.

டாக்டரம்மா அந்த அம்மாளை நிறுத்தினார். மனசு வைக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, இது அவர் செய்யறது இல்லை, தசை செய்யறது, இதுக்குப் பேர் ட்ரிஸ்மஸ் என்று விளக்கினார். சீழுக்கு மருந்து, வெந்நீர் ஒத்தடம், பிறகு தட்டையான மரக்குச்சிகளைப் பல்லுக்கு நடுவே வைத்து, தாங்குகிற அளவுக்கு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகிற பயிற்சி. அவசரப்பட்டு நெம்பக் கூடாது.

அவள் உறிஞ்சு குழாயைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். நோயாளி போன பிறகும் நின்றாள். கருவிகளைத் தட்டில் போடச் சொன்னதைக்கூடக் கேட்கவில்லை. பிறகு, டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"டாக்டர், உடம்புல வேற எங்கேயாவது இப்படி ஆகுமா?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். ஆகும் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை துருவவில்லை, தன்னோடு படித்த ஒரு பெண் டாக்டருக்கு அப்போதே ஃபோன் போட்டு நேரம் வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பெண் டாக்டர் அவளை முதலில் தொடவே இல்லை. உட்காரவைத்துக் கேட்டார். அவளுக்கு நாற்காலி நுனியில்தான் உட்கார முடிந்தது, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அந்தச் சொல்லையும் சொன்னாள். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"அது பழைய சொல்லும்மா. நாங்க இப்ப யாருக்கும் எழுதறதில்ல. அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் அதைத்தான் போட்டாங்க. ஆசை வரலையா, அதுதான். வந்தும் திருப்தி இல்லையா, அதுதான். வலிக்குதா, அதுதான். புருஷன் மேல கோபமா இருந்தாக்கூட அதுதான். அது நோயோட பேர் இல்ல, வசவு. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்ட வசவு."

பிறகு, அவள் சம்மதித்த பின், மெதுவாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணில் தூசு வந்தால் இமை மூடுகிற மாதிரி, வலியை எதிர்பார்த்து அங்கே இருக்கிற தசைகள் தானாகச் சுருங்கிக்கொள்கின்றன என்றார். இதற்கு வெஜினிஸ்மஸ் என்று பெயர். இப்போது வலி, பயம் எல்லாவற்றையும் சேர்த்து இன்னும் நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் இந்தப் பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. இது வருவதற்கு ஆசை இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தப் பழகுவது, சின்னதிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாகப் பழக்குவது, நிறையப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. கணவரும் வந்தால் நல்லது, புதன்கிழமை இருவரும் வாருங்கள் என்றார்.

ட்ரிஸ்மஸ், வெஜினிஸ்மஸ். அக்கா தங்கை பெயர் மாதிரி இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு கரடுமுரடான ஒரு சொல்லால் மனசுக்கு இத்தனை குளுமை வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. குளுமை என்று நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது.

வந்ததும் கணவனிடம் சொன்னாள். அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். "சரி" என்றான். கழற்றி வைத்திருந்த திருகாணிகளை எண்ண ஆரம்பித்தான். அத்தையிடமும் அண்ணியிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், நீங்கள் கொண்டுவந்த சொல்லை நீங்களே திருப்பி எடுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாள். நாளைக்கு என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். அவள் பக்கம் வரும்போதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுத்து மென்று விழுங்கினான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்ல செய்திக்கு இவன் ஏன் இப்படி விழிக்கிறான்?

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்தது, நாத்தனாரும் வந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். அவள் கொஞ்ச நாள் அவள் அண்ணன் வீட்டில் போய் இருக்கட்டும். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் மேலும் தப்பில்லை, டாக்டரே சொன்ன பிறகு தம்பி வாழ்க்கையையும் பார்க்க வேண்டுமே என்றார். மாமியார் கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கூலிங் ஒரு ஒயரின் மேல்தோலைச் சீவிக்கொண்டிருந்தான், சீவவேண்டிய அளவுக்கு மேலேயே சீவிவிட்டான்.

அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். வீட்டை விட்டுப் போவதைவிட, அந்தப் பெயரோடு போவதை நினைத்துத்தான் அவளுக்கு ஆறவில்லை. பேசினால் குரல் நடுங்கும் என்று தெரிந்தே பேசினாள்.

"அண்ணி, எனக்கு ஆசை இருக்கு."

முன்னறையில் அப்படி ஒரு வாக்கியம் அதுவரை விழுந்ததில்லை. மாமியார் சட்டென்று எழுந்து தெருக்கதவைச் சாத்தினார். நாத்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் நிறுத்தவில்லை. லாரிக்காரரின் தாடையைப் பற்றிச் சொன்னாள், அவர் பசியில் அழுததைச் சொன்னாள். வாய் திறக்கவில்லை என்பதற்காக அவருக்குப் பசியே இல்லை என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டாள். தனக்கு இருப்பது வலி, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்லி, வெஜினிஸ்மஸ் என்ற சொல்லை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

நாத்தனார் சுதாரித்துக்கொண்டார். ஒரு டாக்டர் ஒன்று சொல்கிறார், இன்னொரு டாக்டர் வேறொன்று சொல்கிறார், இதில் எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"நீதானேடா போனே? அந்த டாக்டர் என்னதான் சொன்னாரு? இவ முன்னாடியே சொல்லு."

கூலிங் ஒயரைக் கீழே வைத்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"அவர் முதல்ல ஒரு கேள்விதான் கேட்டாருக்கா. உங்க மனைவிக்கு வலி இருக்கான்னு." நிறுத்தினான். "நான் இல்லைன்னேன்."

மாமியார்தான் முதலில், "ஏன்டா?" என்றார்.

"ஆமான்னு சொல்லியிருந்தா, வலிக்க வைக்கிறவன் நான்னு ஆயிடுமேம்மா. வலியெல்லாம் இல்ல டாக்டர், ஆசைதான் இல்லன்னேன். அப்புறம்தான் அவர் அந்தப் பேரைச் சொன்னாரு."

அவள் இத்தனை மாசமாக ஒரு வயதான டாக்டரை, முகம்கூடத் தெரியாத ஒருவரை, மனசுக்குள் நிறுத்திவைத்து வாதாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் எங்கோ ஒரு பெரிய பலகைக்குப் பின்னாலிருந்து வந்ததாக நம்பியிருந்தாள். அது அவள் கட்டிலின் மறு ஓரத்திலிருந்துதான் கிளம்பிப் போயிருக்கிறது. அவள் எத்தனையோ தடவை அவன் முகத்துக்கு நேரே சொன்ன "வலிக்குது"வைப் பாதி வழியில் இறக்கிவிட்டுவிட்டு, வேறொன்றை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். வந்த கோபத்தில் அவனை ஓங்கி அறைந்துவிடலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. அழுதால் கோபம் கரைந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டாள்.

நாத்தனார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். இத்தனை நாளில் அவரிடம் அவள் காட்டிய முதல் மரியாதைக் குறைவு அது, அவரும் நிறுத்திவிட்டார். அவள் கணவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"நான் போறதும் இருக்கறதும் அப்புறம் பார்க்கலாம், அதை நான் முடிவு பண்றேன். புதன்கிழமை நான் பார்த்த லேடி டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காங்க. இதே கேள்வியைத்தான் அவங்களும் கேப்பாங்க. பதில் நான் சொல்றேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க."

அவன் தலையாட்டினான். அக்காவும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, மடியிலிருந்த ஒயர்த் தோலைத் தட்டிவிட்டு எழுந்தான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ரொம்ப வலிக்குமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் இதைக் கேட்டதே இல்லை.

"ரொம்ப" என்றாள்.